பீலிக் குழம்பு

எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால், யாராவது ஒருவர் என்னைக் காட்டி, "பீலிக் குழம்பு வச்ச புள்ள இவதான்" என்று ஆரம்பித்துவிடுவார். கூடச் சேர்ந்து சிரித்துச் சிரித்து எனக்கும் அலுத்துவிட்டது. அப்பா மட்டும் அந்த நேரம் பார்த்துக் கை கழுவ எழுந்து போய்விடுவார்.

அப்பா அப்போது குற்றாலத்தில் வனக்காவலர். எனக்கு ஒன்பது வயது. சாரல் காலம், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஒரு நாள் விடிகாலை செங்கோட்டைச் சாலையில் கருவாட்டு வண்டி ஒன்றை நிறுத்திச் சோதித்தபோது, அடியில் ஒரு மூட்டை நிறையக் காய்ந்த சுறாப் பீலிகள். சுறாவின் துடுப்புகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். வெளிநாட்டு சூப்புக்குப் போகிற சரக்காம்; சுறாவும் வனவிலங்குச் சட்டத்தில் வருமாம். விறகு வெட்டுகிறவர்களையே துரத்திக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய வழக்கு அது. சாட்சிப் பொருள் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும் என்று பயந்து, அரக்கு முத்திரை வைத்த மூட்டையை எங்கள் குவார்ட்டர்ஸுக்கே தூக்கி வந்துவிட்டார்.

அம்மாவின் பேறுகாலத்துக்காக வந்திருந்த கடையத்து அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டாள். "மலையில வேல பாக்கவனுக்கு மீன் மேல என்னலே இம்புட்டு அக்கற?"

"உயிரோட பீலிய அறுத்துட்டு, உடம்பக் கடல்லயே தூக்கிப் போட்டுருதான்க்கா. நீந்த முடியாம அடியில போயிக் கெடந்து சாவுது" என்றார் அப்பா. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குச் சுறா பெரிதாகப் படவில்லை. தம்பி பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்குப் பால் ஊறவில்லை. அவன் வீறிட்டு அழ, அம்மாவும் கூடவே அழுவாள். "பால்சுறா வாங்கிப் புட்டு அவிச்சுக் குடுத்தா ஊறிரும். இந்த மழையில எவன் கொண்டாருதான்?" என்று அத்தை புலம்பினாள். மூட்டை நிறையச் சுறாவை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படிப் புலம்புகிறார்களே என்று பெரியவர்கள் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது.

மத்தியானம் அத்தை கடைக்குப் போனாள். அம்மா அசந்து தூங்கினாள். அரிவாள்மணையில் மூட்டைக் கயிற்றை அறுத்து, ஒரே ஒரு பீலியை எடுத்தேன். பூண்டும் மஞ்சளும் போட்டு வேகவைத்தேன். அது வேகவே இல்லை. தண்ணீர்தான் பசை மாதிரி ஆனது. அதற்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அரக்கை உருக்கிக் கயிற்றை ஒட்டிவிட்டேன். முன்னைவிட வழவழவென்று அழகாக இருந்தது. முத்திரை எழுத்துகள் போனதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

அத்தை வைத்ததாக நினைத்து அம்மா இரண்டு வாய் குடித்தாள். மறுநாள் பால் ஊறியது. தானாகவே ஊறுகிற நேரந்தான் அது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அதற்கு முன்பே, குழம்பு வைத்த அன்று சாயங்காலமே அப்பா சட்டியைப் பார்த்துவிட்டார். "இத எங்கனட்டி எடுத்த?" என்றார். மூட்டையைக் காட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அரக்கை விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சில மாதம் கழித்துத் தென்காசிக் கோர்ட்டில் வழக்கு வந்தது. அன்று நனைந்த சட்டையோடு திரும்பிய அப்பா, அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"முத்திரைய யாரு ஒடச்சான்னு கேட்டான் வக்கீலு. ஈரமா இருந்துச்சு, காயப்போட நான்தான் பிரிச்சேன்னுட்டேன். கேஸு நிக்கல. வண்டிக்காரன விட்டுட்டாங்க. எனக்கு மெமோ வரும்."

அப்பா மறந்துபோய்த் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். ஓடிப் போய், "நீங்க எங்கப்பா பிரிச்சிய? நான்லா பிரிச்சேன்! நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க, நான் வந்து சொல்லுதேன்" என்றேன்.

அப்பா என்னை இழுத்து மடியில் போட்டு, வாயைக் கையால் இறுகப் பொத்தினார். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து, அந்தக் கைக்குள்ளேயே நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.