வாசல்வரை வராத அம்மா

உள்ளறையில் பயணப்பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. கணவன் கிரிசாந்தோவின் சவப்பெட்டி அருகே அமர்ந்திருந்த பெலிசா அந்தப் பக்கம் திரும்பினாள்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் கருவாடு காயவைத்தே மகள் மாரிவெலை கனடாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியவள் பெலிசா. டொரண்டோவிலிருந்து மணிலாவுக்குப் பதிமூவாயிரம் கிலோமீட்டர். பதினாறு மணி நேரம் ஆகாயத்தில். அங்கே காத்திருந்து இன்னொரு விமானம். முதலாளியம்மா தந்த ஐந்து நாள் விடுப்பில் போக வர நான்கு நாட்களைப் பயணமே தின்றுவிடும். அடக்கம் நாளைக்கு, கப்பலில் வேலை செய்யும் மகன் அப்போதுதான் வந்து சேர்வான்.

ஊர் வழக்கப்படி சவத்துக்குக் காவலாக விழித்திருந்து சீட்டாடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லோலெங் சீண்டினாள்: "ஏண்டி கனடாக்காரி, காப்பி ஆறுறதுக்குள்ள கிளம்பிட்டியே!"

பெட்டியோடு வெளியே வந்தாள் மாரிவெல். "போகலன்னா வேலை போயிடும் அத்தை."

அப்பாவின் முகத்துக்கு மேலிருந்த சவப்பெட்டிக் கண்ணாடியை முத்தமிட்டாள். "அம்மா, வாசல் வரைக்கும் வாயேன்."

பெலிசா எழவில்லை. "இழவு வீட்டுலேர்ந்து போற விருந்தாளிய வீட்டுக்காரங்க வழியனுப்பக் கூடாதும்மா. இன்னொரு சாவு வரும்."

"நான் விருந்தாளியாம்மா?"

"இல்லடி. ஆனா நீ ஏறப்போறது விமானம். உன் உயிர வச்சு நான் எப்படிச் சோதிச்சுப் பார்ப்பேன்?"

மாரிவெல் பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பெலிசா சவப்பெட்டியின் விளிம்பை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். லோலெங் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.