அப்பாவின் பெரிய சென்டிமீட்டர்

அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய தொழிற்சாலை நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு அறிக்கை எழுதத்தான் வரும். அதனால் அவர் செய்த வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

அப்பா பீங்கான் தொழிற்சாலையில், மண்ணுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுகளைச் செய்பவர். பீங்கான் என்றதும் எல்லாருக்கும் கோப்பையும் தட்டும்தான் கண்முன் வரும். அந்தத் தொழிற்சாலையில் ஒரு கோப்பைகூடச் செய்ததில்லை. மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ்கள், உலைக்குள் வெப்பம் அளக்கும் கம்பியை மூடிக் காக்கும் குழாய்கள், நூற்பாலையில் நூல் நுழைந்து ஓடும் சின்னஞ்சிறு கண்கள். நூல்தானே என்று நினைப்போம். ஓயாமல் ஓடும் நூல் இரும்பிலேயே வாய்க்கால் வெட்டிவிடும். பீங்கானிடம் அதன் பாச்சா பலிக்காது. பிற்காலத்தில் பம்புகளில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையங்களும் செய்தார்கள். என் வேலை பம்புகளோடு. பழுதுக்கு வந்த பம்பைப் பிரித்து அந்த வளையத்தைத் துடைக்கும்போது, எந்திரமே தேய்ந்திருக்கும், வளையத்தின் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும்.

பச்சை மண் சூளையில் வெந்ததும் சுருங்கும். ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். இதற்கென்றே அச்சுக்காரர்களிடம் ஒரு தனி ஸ்கேல் உண்டு. அதில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் உண்மையான சென்டிமீட்டரைவிடச் சற்று நீளம். கடைசியில் என்ன அளவு வேண்டுமோ அதை அந்த ஸ்கேலில் வைத்துக் கோடு போட்டால் போதும், தனியாகக் கணக்குப் போட வேண்டாம். பார்வைக்கு அது சாதாரண ஸ்கேல்தான். மாறிப்போகாமல் இருக்க முனையில் சிவப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள்.

இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்தது. சின்ன வயதில் எனக்கு அவர் வாங்கிவந்த சட்டைகளின் தோள், முழங்கையில் வந்து நிற்கும்.

"துவைச்சா சுருங்கிடும்," என்பார்.

"துவைச்சு, காய்ச்சி, வடிகட்டினாலும் இது இவளுக்குச் சரியா வராது. இதுக்குள்ள இன்னொரு பிள்ளையையும் வச்சுத் தைக்கலாம்," என்பாள் அம்மா.

தேநீரை விளிம்புவரை ஊற்றுவார், பெட்டிக்குக் கயிறு வெட்டினால் ஒரு முழம் மிஞ்சும். தொழிற்சாலையில் அவருக்கு 'தாராளம்' என்று பட்டப்பெயர். கோபம் வந்தால் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் இல்லாதபோதும்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் நண்பர்கள் அவருடைய பழைய ஸ்கேலையே பரிசாகக் கையில் கொடுத்தார்கள். முனையிலிருந்த சிவப்பு எப்போதோ தேய்ந்துவிட்டிருந்தது. அவர் அதை மேசை இழுப்பறையில் மற்ற சாமான்களோடு போட்டுவைத்தார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கைகள் மீண்டன, இடது கால் மீளவில்லை. மருத்துவமனையில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்துப் பழக்கினார்கள். அம்மா பிடிவாதக்காரி, சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார்," என்றார் அப்பா. முகமெல்லாம் பல்.

"நான் வரல."

"என்ன பேச்சு இது?"

"பாத்ரூமுக்கு என்னை யார் தூக்கிட்டுப் போறது? உங்க முதுகு இருக்கிற லட்சணத்துக்கு நீங்க தூக்குவீங்களா? இல்ல, பொண்ணு வேலையை விட்டுட்டு வந்து தூக்கணுமா?"

"அதுக்கு ஒரு ஆளைப் போட்டா..."

"யாரும் என்னைத் தூக்கவும் வேணாம், தள்ளவும் வேணாம். இங்க நானே போறேன், நானே வரேன். வீட்ல அது நடக்கும்னா சொல்லுங்க, நாளைக்கே வரேன். நடக்காதுன்னா ஏதாவது இல்லத்துல சேர்த்து விட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்போம். அவள் அழவில்லை. அப்பா போர்வையின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார், அது நேராகத்தான் இருந்தது. அவளில்லாத வீட்டில் அவர் அடுப்பை மூட்டிவிட்டு அதில் எதையும் வைக்காமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஊருக்குப் போய் விடுப்புச் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. அங்கிருக்கும்போது அவருடைய போன் வந்தது.

"பாப்பா, நாற்காலி அறுபத்தஞ்சு அகலம்னு அதுலயே எழுதியிருக்கு. நம்ம பாத்ரூம் வாசல் அறுபத்திரண்டுதான் இருக்கு. நுழையாது."

"அப்போ சுவரை இடிக்கணுமாப்பா?"

"இடிச்சாச்சு."

நான் போய்ச் சேர்ந்தபோது வீடெங்கும் தூசி. பழைய நிலைச்சட்டம் கதவோடு கூடத்தில் சாய்ந்திருந்தது. கொத்தனார் புது விளிம்பைப் பூசிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உங்கப்பா கார் ஏதும் வாங்கப் போறாரா?"

"ஏன் கேக்குறீங்க?"

"பாத்ரூமுக்கு இவ்வளவு பெரிய வாசல் நான் வச்சதே இல்ல. எண்பதுன்னார். எனக்கு மனசு ஒப்பல, ஆனா கோடு அவரே போட்டுட்டார். நான் வாயைத் திறந்தா, 'உனக்கு அளவு தெரியுமா, எனக்குத் தெரியுமா'ன்னு கேக்குறார்."

என் பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். தொண்ணூற்று மூன்று. பழைய சட்டத்தை அளந்தேன். எழுபத்திரண்டு. மறுபடியும் அளந்தேன். நாற்காலி அறுபத்தைந்து. பழைய வாசலிலேயே நுழைந்திருக்கும்.

அப்பா சமையலறையில் கொத்தனாருக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேல் மேசைமேல் கிடந்தது. நான் டேப்பை அதன் பக்கத்தில் நீட்டிவைத்தேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு ஸ்கேலின் முனையைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட மாத்தி எடுத்ததில்ல பாப்பா."

"சிவப்பு அழிஞ்சு போச்சுப்பா."

"சிவப்பெல்லாம் புதுசா வர்ற பசங்களுக்கு. எனக்குக் கையில எடுத்தாலே தெரியும். அன்னிக்குத் தெரியல."

அந்த வாரம் அவர் கையில் எதைக் கொடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. தேநீர் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அடுப்பை அணைக்கவில்லை, கொத்தனார்தான் வந்து அணைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத," என்றார். "ஏற்கெனவே வரமாட்டேங்குறா. கிறுக்கன் வீட்டை இடிச்சு வச்சிருக்கான்னு அதுலயே நின்னுடுவா."

உள்ளே பிடிமானக் கம்பிகளை மட்டும் என் டேப்பால் அளந்து பொருத்தினோம். கதவுக்குப் பதில் திரை போட்டோம். போய்ப் பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் அன்றே திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் அம்மா வந்தாள். வண்டிக்காரரையும் கொஞ்ச நேரம் வாசலில் காத்திருக்கச் சொன்னாள். நேரே கூடத்தைக் கடந்து பாத்ரூமின் முன் நாற்காலியை நிறுத்தினாள்.

"இதென்ன, யானை ஏதாவது வாங்கியிருக்கீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"ஸ்கேல் மாறிப்போச்சு."

"எந்த ஸ்கேல்?"

"அந்த ஸ்கேல்தான்."

அச்சுக்காரர் மனைவிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்போ பழைய வாசல்லயே நுழைஞ்சிருக்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

"நுழைஞ்சிருக்கும்மா. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விரல் இடம் இருந்திருக்கும்."

நோய்க்குப் பிறகு அவள் வாய் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கும். அப்படிச் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். "சுவர் வெந்தா சுருங்கும்னு நினைச்சீங்களாக்கும்," என்றாள்.

அப்பா நாற்காலியின் பின்பக்கம் போய்ப் பிடித்தார்.

"கையை எடுங்க."

எடுத்தார். அம்மா இரண்டு சக்கரங்களையும் பற்றி உந்தினாள். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. அவள் விரல் முட்டிகள் சக்கரத்துக்கு வெளியே புடைத்து நின்றன, முழங்கைகள் இறக்கை மாதிரி விரிந்தன. அறுபத்தைந்து என்பது ஆள் உட்காராத நாற்காலியின் அகலம். பழைய வாசலில் அவள் கைகளை மடியில் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். வேறு யாராவது தள்ள வேண்டியிருந்திருக்கும். அந்த இரண்டு விரல் இடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். போதும் என்று சொல்லியிருப்பேன்.

முதல் தடவை சக்கரம் புதுப் பூச்சில் உரசியது. பின்னால் வந்து, திருப்பி, மறுபடி போனாள். முழங்கைகள் எதிலும் படவில்லை. உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

நாங்கள் வெளியே நின்றோம். கம்பி முனகியது. மூச்சு வாங்கும் சத்தம். ஏதோ கீழே விழுந்து உருண்டது. அப்பா ஒரு அடி எடுத்து வைத்தார், நான் அவர் கையைப் பிடித்தேன்.

"நான் வரட்டுமா?" என்றார்.

"வந்தீங்கன்னா தெரியும் சேதி. சோப்பு டப்பாதான் விழுந்துச்சு."

பிறகு தண்ணீர் விழும் சத்தம். நெடுநேரம். தண்ணீர் நின்றதும் குரல் வந்தது.

"தாராளம், அந்த வண்டிக்காரரைப் போகச் சொல்லிடுங்க. அப்புறம், ரெண்டு பேரும் அங்கயே நிக்காதீங்க. போய் வேற வேலை இருந்தா பாருங்க."

வண்டிக்காரரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது அப்பா திரையின் முன் அதே இடத்தில் நின்றிருந்தார். அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை.