சும்மா அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் "சும்மா அக்கா". சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கருவிக்கு மூளையாக இருக்கும் சிப் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் அவர் வேலை. "இது பாதி நேரம் சும்மாதான் இருக்கு" என்று அவர் சொன்னால் எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். சிப் கொஞ்சம் சும்மா இருந்தால்தான் ஓர் அவசரம் என்றால் ஓடி வரும்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். பரீட்சைக்குப் படிக்கும் மகளிடம் "படிச்சாச்சா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, பக்கம் திருப்பும் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வார். நானெல்லாம் என் பையனைக் கேட்டுக் கேட்டே உயிரை வாங்குகிற ஆள்.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டிக்கு நான் மென்பொருள் எழுதினேன். சூடு கூடினால் மணி அடிக்க வேண்டும். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் நச்சரிப்பு. அவர் ஆரம்பத்திலேயே, "சிப்புக்கு எவ்வளவு வேலைன்னு அதுவே சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அதற்கும் சில வரிகள் சேர்த்திருந்தேன்.

சோதனையில் மணி சில முறை தாமதமாக அடித்தது. சிப்புக்கு மூச்சுவிட நேரமில்லை என்று திரையில் எண்கள் கொட்டின.

"உங்க வேலை உருப்படாதும்மா. பெட்டியை மூட்டை கட்டிடலாம். நீங்களும் வேற இடம் பாத்துக்கோங்க" என்றார் நச்சரிப்பு.

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நேராக அக்காவிடம் போய் நின்றேன்.

அவர் வந்தார். சிப்பை ஆராய்வதற்கென்றே அது பதிந்திருக்கும் பலகையின் ஓரத்தில் சில ஊசிகள் உண்டு. அதில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைச் செருகினார். சிப் இப்போது எந்த வேலையில் இருக்கிறது என்பது அதன் வழியாக வெளியே வரும். உள்ளே ஓடும் மென்பொருளுக்கு இவர் வந்ததே தெரியாது.

"எதையாவது நிறுத்தணுமாக்கா?"

"வேணாம்மா. அது பாட்டுக்கு ஓடட்டும்."

திரையில் வேலைக்கு ஒரு வண்ணமாகப் பட்டைகள் ஊர்ந்தன. சிவப்பு மட்டும் கண்ணை உறுத்தும் நீளம். "இது என்ன வேலைம்மா?" என்றார் அக்கா.

பார்த்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எவ்வளவு வேலைன்னு சார்கிட்ட சொல்ற வேலைக்கா."

ஒவ்வோர் எண்ணும் கம்பி வழியே போய்ச் சேரும்வரை சிப் காத்து நின்றிருக்கிறது. மணியும் அதன் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நச்சரிப்பு நெற்றியைத் தடவினார். "அப்ப நான் கேட்டதாலதான்..."

"கேக்காம இருந்தா அது நல்லாத்தான் சார் இருக்கும்" என்றார் அக்கா.

அந்த வரிகளை எடுத்துவிட்டு மறுபடி அளந்தோம். முக்கால்வாசி நேரம் சும்மா. சூட்டை ஏற்றினோம், மணி உடனே அடித்தது. நம்பாமல் திரும்பத் திரும்ப ஏற்றினார் நச்சரிப்பு. ஒருமுறைகூட அது பிந்தவில்லை. "வேற இடம்னு சொன்னதை மறந்துடுங்கம்மா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இன்று அந்தப் பெட்டிகளில் குழந்தைகள் தூங்குகிறார்கள். என் வீட்டு அடுப்பும் எரிகிறது. இரண்டுக்கும் அக்காதான் காரணம், அந்த நன்றியை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா?" என்றேன்.

கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்தபடி அவர் சொன்னார்: "நான் என்னம்மா செஞ்சேன்? சும்மாதானே பாத்தேன்."