நகராத சுரம்

எல்-மினா துறைமுகத்தில் மித்ரியைப் போல நிலையில்லாத ஆள் கிடையாது. செருப்புக் கடை வைத்தான், அலைபேசிக் கடை வைத்தான், இப்போது பெயிண்ட் கடை. இரண்டு முறை நிச்சயதார்த்தம் நடந்து இரண்டையும் முறித்துக்கொண்டவன். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரர்களும் அவனைத் தங்கள் ஆள் என்றே நம்பினார்கள். அவனும் நம்பினான்.

ஆனால் ஞாயிறு காலை தேவாலயத்தில் மற்றவர்கள் பாட்டை மேலும் கீழுமாக இழைக்கும்போது, அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவன்தான். தம்பூராவுக்கு மீசை வைத்தாற்போல. எப்போதாவது அந்தச் சுரமும் ஒரு படி நகரும்; அதை மித்ரி மனமில்லாமல்தான் செய்வான்.

"எல்லாரும் ஊர் சுத்தறாங்க. திரும்பி வர வீடு வேணுமில்ல? அது நான்தான்" என்பான்.

இசைக்கல்லூரியில் படித்த ஹியாம் பாடகர் குழுவுக்குத் தலைவியானாள். ஈஸ்டருக்குப் பிறகு கச்சேரி என்றாள். முதலில் தேவாலயத்தில் பாடுகிற பழைய பைசாந்தியப் பாட்டு, பிறகு நானூறு வருஷத்து இத்தாலியப் பாட்டு, கடைசியில் முவஷ்ஷஹ் என்கிற அந்தலூசிய அரபுப் பாட்டு.

"மல்லிம் மித்ரி" என்று கடைக்காரருக்குரிய மரியாதையோடு ஆரம்பித்தாள். "இத்தாலியப் பாட்டுல நாலு குரலும் நாலு வழியில போகும். அடிக்குரலும் நகரணும். முடியலன்னா முதல் பாட்டோட இறங்கி முன்வரிசையில உக்காந்துக்குங்க."

ஊர் பார்க்க மேடையிலிருந்து இறங்குவதா? நகர்கிறேன் என்றான்.

ஒத்திகையில் அடிக்குரல்காரர்கள் எல்லாரும் அடுத்த சுரத்துக்கு ஏறினார்கள், மித்ரி ஏறவில்லை. பல் டாக்டர் அந்தூன் பாட்டை நிறுத்தினார்.

"ரயில் போயிடுச்சு. ஸ்டேஷன் மட்டும் நிக்குது."

எங்கள் ஊரில் ரயில் நின்றுபோய்ப் பல வருஷமாகி, பாழடைந்த ஸ்டேஷன் மட்டும் நிஜமாகவே நிற்கிறது என்பதால் சிரிப்பு அடங்க நேரமானது.

வீட்டில் அக்கா வதாத் விடவில்லை. "கடைய மாத்தின, பொண்ண மாத்தின. ஒரு சுரத்த மாத்த மாட்டியாடா?"

"அது வேறக்கா. அதெல்லாம் வெறும் வாழ்க்கை."

வழி கடையில் கிடைத்தது. பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் நாள் முழுக்க ஒரே சுரத்தில் முனகும். ஒருநாள் அதன்மேல் இத்தாலியப் பாட்டை முணுமுணுத்தான். குரல் நகர்ந்தது. தனக்குப் பதில் நிற்க ஓர் ஆள் இருந்தால் தானும் கிளம்பலாம் என்று தெரிந்துபோயிற்று. அந்த மாதம் ஊரில் பெயிண்ட் வாங்கியவர்களுக்கெல்லாம் அளவுக்கு மீறிக் கலக்கிய பெயிண்ட் கிடைத்தது.

கச்சேரியன்று இயந்திரம் இல்லை. அதன் முனகலை மனசுக்குள் ஓடவிட்டுக்கொண்டு மித்ரி ஏறினான், இறங்கினான், ஓரிடத்தில் அந்தூனே தடுமாறியபோதும் தன் வழியிலேயே போனான். பாட்டை முடிக்க ஹியாம் கையை மூடியபோது சரியாக நின்றான்.

அடுத்தது முவஷ்ஷஹ். அதை அவன் கற்றுக்கொள்ளவே இல்லை. ஹியாம் முன்வரிசையைக் கண்ணால் காட்டினாள்.

"முடியலன்னாதான உக்காரச் சொன்னீங்க, ஸித் ஹியாம்?" என்றான் அவனும் மரியாதையாக, மெதுவாக.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உத் வாசிப்பவருக்குச் சைகை கொடுத்தாள். அந்தப் பாட்டு முழுக்க மித்ரி வாயை மூடி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். முன்வரிசையில் வதாத் அக்கம்பக்கத்தாரிடம், அவன் என் தம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.