பதினான்கு படகுக் கொட்டகைகள்

சான்டா கிளாராவுக்கு வந்தபின் ஆறு வருடம், வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டிலேயே இருந்தேன். அனுமதி வந்ததும் ஒரு வரைபட நிறுவனத்தில் மூன்று மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். எனக்கென்று தனியாகக் கொடுத்த முதல் வேலை, ஸ்வீடன் நாட்டுத் தீவு ஒன்றின் கிழக்குக் கரையிலுள்ள கிராமப்புற வட்டாரத்தைச் செயற்கைக்கோள் படம் பார்த்து வரைவது. அது சரியாக முடிந்தால்தான் ஒப்பந்தம் நீளும். அந்த ஊருக்கு நான் போனதில்லை, போகப்போவதும் இல்லை. ஆனால் இரண்டே வாரத்தில் திரையில் பார்த்துப் பார்த்து அது எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. கொஞ்சம் மண், அதன் கீழே சுண்ணாம்புப் பாறை. ஆடுகள் மேயும் புல்வெளி, கல் அடுக்கிய வேலி, வெகுதூரம் போனாலும் முழங்காலைத் தாண்டாத குடாக்கடல்.

ஒன்று மட்டும் உறுத்தியது. மீனவர்களின் பழைய படகுக் கொட்டகைகள் பதினான்கு, கடலைப் பார்த்து வரிசையாக நின்றன. கடலோ தள்ளி இருந்தது. நடுவில் புல். படகுக்கு மேய்ச்சல் நிலத்தில் எவனாவது கொட்டகை போடுவானா? நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் கடல் ஒரு தெருவையே தின்றிருக்கிறது, ஒரு சாண்கூடத் திருப்பித் தந்ததில்லை. கடலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர். படம் எடுத்த அன்று மட்டும் கடல் உள்வாங்கியிருந்தது என்று நானே முடிவுகட்டி, கரைக்கோட்டைக் கொட்டகை வாசல் வரை இழுத்துவைத்து அனுப்பினேன்.

சரிபார்ப்பவர் அந்த வட்டாரத்திலேயே வசிக்கும் பெரியவர். "எங்கள் ஆடுகளைக் கடலில் விட்டுவிட்டீர்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்.

பிறகுதான் படித்தேன். எப்போதோ அந்த நிலத்தை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாரம் உருகியதிலிருந்து நிலம் மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. கடல் பின்வாங்க, கொட்டகை நின்ற இடத்திலேயே நிற்கிறது. உள்ளே வெகுதூரம் வரை வரிசை வரிசையாகக் கூழாங்கல் மேடுகள். ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கடற்கரை. அவற்றை வயல் வரப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

எங்கள் குழுவுக்குத் தலைவரான லீட் சென்னைக்காரர், நல்ல மனுஷர். "விடுங்க, இமேஜ் கிளியரா இல்லன்னு சொல்லி க்ளோஸ் பண்ணிடலாம். வேற ஆளுக்கு அசைன் பண்றேன்" என்றார்.

"இமேஜ் கிளியராத்தாங்க இருந்துச்சு. தப்பு என்னோடது. நானே பண்றேன், ஒரு வாரம் குடுங்க."

"ரெனியூவல் டைம்ல எதுக்கு ரிஸ்க் எடுக்கறீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது. வடக்கு முனையிலிருந்து மறுபடி தொடங்கினேன். ஒவ்வொரு மேட்டையும் உயர அளவோடு ஒப்பிட்டேன். வயல் நடுவே தனியாக நின்ற சுண்ணாம்புத் தூண்களையும் விடவில்லை. அலை செதுக்கிய தூண்கள் அவை. "ஸ்வீடன் ஆட்டுக்கு இருக்கற மரியாதைகூட இந்த வீட்ல எனக்கு இல்ல" என்றார் கணவர். அந்த வாரம் சமையல் அவர்தான்.

திருத்தியதை அனுப்பியபின், வெள்ளிக்கிழமை காலை வீடியோ அழைப்பில் அந்தப் பெரியவர், முதல்முறை கரைக்கோட்டை ஏன் நகர்த்தினீர்கள் என்று நேராகவே கேட்டார். லீட் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் கடல் உள்ளே வர மட்டும்தான் செய்யும், எல்லா ஊரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன், விசாரிக்காமல் நகர்த்தியது என் தவறு. அவர் தலையாட்டினார். எதையோ குறித்துக்கொண்டு அழைப்பை முடித்தார். அவ்வளவுதான், வேலை போனது என்று நினைத்தேன்.

மத்தியானம் லீட் என் மேஜைக்கு வந்தார். "பெரியவர் அப்ரூவ் பண்ணிட்டார். சவுத் சைட் கரையும் இருக்காம். அதையும் நீங்கதான் பண்ணணும்னு கேக்கறார். எக்ஸ்டென்ஷன் பேப்பர் திங்கக்கிழமை வந்துடும்."

சரி என்று மட்டும் சொன்னேன். பிறகு பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். இந்த நாட்டுக்கு வந்தபின், ஒரு வேலைக்கு நான்தான் வேண்டும் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை.