பன்னிரண்டாவது வேகன்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் நான் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். ஆலைக்குள்ளேயே எங்களுக்கென்று சின்னதாக ஒரு ரயில் யார்டு உண்டு. பழைய இரும்பு ஏற்றி வரும் வேகன்களைக் கூட்ஸ் வண்டி எங்கள் கேட்டில் கழற்றிவிட்டுப் போய்விடும். எங்கள் சொந்த நீராவி எஞ்சின் அவற்றை உள்ளே தள்ளி, உலைக்குப் பக்கத்துத் தடத்தில் வரிசையாக நிறுத்தும். இந்தத் தள்ளுமுள்ளுக்கு ஷண்டிங் என்று பெயர். வந்த வேகன், போன வேகன் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதுவது என் வேலை.

ஷண்டிங்கைக் கவனிக்க ஒரு யார்டு மாஸ்டர் இருந்தார். இருபத்தெட்டு வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் எங்களிடம் வந்து சேர்ந்தவர். அவர் நடப்பதே ஷண்டிங் வேகத்தில்தான். நடுவில் நிற்க நேர்ந்தால், பின்னால் வருகிறவர் இடித்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நிற்பார். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான்.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து முதலாளி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. மேனேஜர் எழுத்து மூலமாகவே ஓர் உத்தரவு போட்டார்: முதலாளி பார்க்கும்போது உலைத் தடத்தில் பன்னிரண்டு வேகன்கள் வரிசையாக நிற்க வேண்டும். வழக்கமாக எங்களுக்கு ஏழோ எட்டோதான் வரும். ஆனால் ஆலை வரைபடத்தில் அந்தத் தடத்துக்குப் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. யார்டு மாஸ்டர் கேட் பக்கம் நின்று பச்சைக்கொடி காட்ட, எஞ்சின் பன்னிரண்டையும் மெதுவாக உள்ளே தள்ளியது. தடத்தின் மறுகோடி கண்ணுக்குத் தெரியாது. நடுவில் பழைய இரும்பு மலைபோல் குவிந்து கிடக்கும்.

அந்த மறைவில்தான் அதிகாரிகளுக்கான புதுக் கழிவறை இருந்தது. வெள்ளை ஓடு பதித்து, கண்ணாடி மாட்டி, ரிப்பன் வெட்டித் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முன்னால் போன வேகன் தடத்தின் முடிவில் கிடந்த மண்மேட்டைத் தாண்டி, பின்சுவரை இடித்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்துக்கொண்டு நின்றது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. ஓட்டமாக வந்த மேனேஜர் பார்த்தபோது, கண்ணாடி மட்டும் உடையாமல் வேகனின் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. யார்டு மாஸ்டர் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு விட்டிருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அதிகாரிகள் தொழிலாளர்களின் கழிவறை வாசலில் கையில் மக்கோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. உலையில் வேலை பார்க்கிறவர்கள், “சார், நீங்க முன்னாடி போங்க, அவசரம்போல கீது” என்று மரியாதையாக வழி விட்டார்கள். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல்தான் யார்டு மாஸ்டரை சஸ்பெண்ட் செய்தார்கள். ‘கவனக்குறைவாக வேகனை ஓட்டி ஆலைக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தது’ என்பது குற்றச்சாட்டு. விசாரணை ஒன்றரை மாதம் கழித்து.

அந்த வாரக் கடைசியில் ஆறுதல் சொல்லலாமென்று கவரைப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆள் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். பதறிப்போனேன். கிட்டே போய்ப் பார்த்தால், இரண்டு பழைய கதவுகளை நீளவாக்கில் சேர்த்துப் போட்டு, அதன்மேல் பித்தளைக் கம்பியில் தண்டவாளம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சஸ்பெண்ட் ஆன அன்றைக்கு ஆபீஸ் வரைபடத்துக்கு ஒரு காப்பி கேட்டு என்னிடம் வாங்கிப்போனது இதற்குத்தான்.

“நம்ம யார்டுயா” என்றார், தலையைத் தூக்காமலே. “ஒரு அடிக்கு ஒரு நூல், அதாவது இஞ்சுல எட்டுல ஒண்ணு கணக்கு. எங்கே தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்.”

பழவேற்காட்டு பாய் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து விலைபோகாமல் வைத்திருந்த பேட்டரி ரயில் செட்டை வாங்கியிருந்தார். எஞ்சினும் மூன்று வேகனும் அதிலேயே இருந்தன. மீதி ஒன்பது வேகனை மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்துவிட்டார். வேகன்களைக் கோக்கும் கொக்கிகள் அவர் மனைவியின் தலையில் இருந்த ஹேர்பின்கள். தடத்தை மாற்றிவிடும் பாயிண்டுகளுக்கு சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கதவுக்கு அடியில் விட்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷண்டிங் ஆரம்பமானது. அவர் டிரைவர். நான் சீட்டு எழுதும் கிளார்க்; ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலை. அக்கா, அதாவது அவர் மனைவி, பாயிண்ட்ஸ்மேன். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், கறாரான பேர்வழி. பொம்மை ரயில்தானே என்று எஞ்சினைக் கொஞ்சம் விரட்டச் சொன்னேன். யார்டு மாஸ்டர் என்னை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் நிஜம்போல் நடக்க வேண்டும். ஒவ்வொரு வேகனுக்கும் நம்பர், சரக்கு, நிறுத்த வேண்டிய இடம் எழுதிச் சீட்டு வர வேண்டும். சீட்டு வராத வேகனைத் தொடக் கூடாது. ஒரு பாயிண்டிலிருந்து அடுத்த பாயிண்டுக்கு நிஜ யார்டில் ஆள் நடந்துபோக மூன்று நிமிஷம் ஆகும். ஆகவே அக்காவின் கை ஸ்போக்கின் மேலேயே இருந்தாலும் மூன்று நிமிஷம் இழுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கு ஒருதரம் எஞ்சின் பத்து நிமிஷம் தண்ணீர் குடிக்கும். பேட்டரி எஞ்சினுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன்.

“ரூல் ரூல்தான்” என்றார்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அக்கா போய் டீ போட்டுவருவார். எஞ்சினுக்கு முன்னால் ஒரு தம்ளர், எங்களுக்கு ஆளுக்கொரு தம்ளர்.

நாலு மணி நேரம் கழித்துப் பன்னிரண்டாவது வேகன் உலைத் தடத்துக்குள் போய் நின்றது. எதுவும் எதிலும் மோதவில்லை. கடைசியில் இரண்டு விரல் இடம் மீதியே இருந்தது.

அடுத்த ஞாயிறும் மோதவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டும் சமர்த்தாகப் போய் நின்றன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது ஞாயிறு எஞ்சினைக் கையில் எடுத்து, அதன் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

“எடம் இருந்திருக்குது. நான்தான்யா எங்கியோ அதிகமா தள்ள வுட்டுட்டேன். வயசாயிடுச்சி.”

அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா கேட்டார்: “இந்த அளவெல்லாம் எங்கேந்து புடிச்சே?”

“ஆபீஸ் வரைபடம். தம்பிதான் காப்பி எடுத்துக் குடுத்தான்.”

“காகிதத்தைப் பாத்து செஞ்சா காகிதத்துல மோதாது. தரையைப் போய் அளந்தியா? தம்பி, நீ இன்னா, தெனமும் அங்கதான குந்திகினு கீறே? ஒரு டேப்பை எடுத்துக்கினு போய் அளந்துட்டு வா.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், இடிந்த செங்கலை எண்ணப்போவதாகச் சொல்லிவிட்டு டேப்போடு போனேன். செங்கல் எண்ணும் கிளார்க்கை எந்த ஆலையிலும் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். உலைத் தடத்தை இரண்டு தடவை அளந்தேன். வரைபடத்தில் இருந்ததைவிட ஐம்பத்திரண்டு அடி குறைந்தது. இரண்டு வேகன் நீளத்துக்கும் மேல். அந்த ஐம்பத்திரண்டு அடி எங்கே போயிற்று என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. கழிவறையின் உடைந்த வெள்ளைத் தரைக்கு அடியில் தண்டவாளக் கட்டைகள் வரிசையாகப் பல்லைக் காட்டின. யார்டு மாஸ்டர் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்திருந்த சமயத்தில், தடத்தின் கடைசித் துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தக் கெட்டியான தரையிலேயே கழிவறையைக் கட்டிவிட்டார்கள். அஸ்திவாரச் செலவு மிச்சம்.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். யார்டு மாஸ்டர் ரம்பத்தை எடுத்துப் பலகையின் தடத்தை அறுத்தார். அறுத்த இடத்தில் நாலு தீப்பெட்டியை ஒட்டி ஒரு கழிவறை வைத்தார். அக்கா அதற்கு ஒரு கதவு வரைந்தார். பிறகு, சீட்டோடும் தண்ணீரோடும் முறைப்படி ஷண்டிங் செய்தோம். பதினொன்றாவது வேகன் உள்ளே நுழையும்போது, முன்னால் நின்ற வேகன் தீப்பெட்டியைத் தொட்டது. பன்னிரண்டாவதற்குக் கழிவறை கவிழ்ந்தது. நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம்.

விசாரணை ஆலைக் கேன்டீனில் நடந்தது. விசாரிக்க வந்தவர் திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வயதான வக்கீல். நெற்றியில் பளிச்சென்று நாமம். நாங்கள் கேன்டீன் மேசைகளைச் சேர்த்து அவற்றின்மேல் வைத்த பலகையைப் பார்த்ததும் மேனேஜர் குதித்தார்: “சார், இது விளையாட்டுச் சாமான். இதையெல்லாம் விசாரணையிலே அனுமதிக்கக் கூடாது.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அனுமதிக்கலாமா வேண்டாமான்னு ஓட்டிப் பாத்தாதானே தெரியும்? இதை எப்படி முன்னாலே போக வைக்கறது?”

அன்று முழுக்க அவர் ஓட்டினார். சாட்சிகள் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். எஞ்சின் தண்ணீர் குடிக்கும் விதி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அரைமணிக்கு ஒருதரம் நிறுத்தி, கேன்டீன் காபி வரவழைத்தார். சீட்டும் மூன்று நிமிஷக் காத்திருப்பும் இல்லாமல் ஐந்து தடவை தள்ளினார். ஐந்து தடவையும் தீப்பெட்டி விழுந்தது.

“உங்களுக்கு ஓட்டத் தெரியலே” என்று மேனேஜர் எஞ்சினை வாங்கினார். அவர் ஓட்டியதில் தீப்பெட்டி மேசையை விட்டே பறந்து சாம்பார் வாளிக்குள் விழுந்தது.

வக்கீல் அதைக் கரண்டியால் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்தக் கட்டடம் வரைபடத்திலே எங்கே இருக்கு?”

வரைபடத்தில் இல்லை. மெட்ராஸ் ஆபீஸின் அனுமதி இல்லாமல் மீந்த செங்கலில் கட்டியது. அனுமதி எங்கே என்று வக்கீல் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. என் கையால்தான் பிரதி எடுத்தேன். ‘வரைபடத்திலும் அனுமதியிலும் இல்லாத ஒரு கட்டடம் ஆலையில் இருந்ததாகக் கொள்ள இயலாது. இல்லாத கட்டடத்தின்மீது வேகன் மோதியதாகவும் கொள்ள இயலாது. ஆகவே சம்பவம் எதுவும் நடைபெறவில்லை.’ யார்டு மாஸ்டரை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர் அறிக்கையைப் படித்துவிட்டு எரிச்சலோடு மடக்கினார்.

“மோதலைன்னு எழுதிக்கீறான். மோதினேன்யா! நல்லா மோதினேன். ஏன் மோதுச்சின்னுதானே கேக்கச் சொன்னேன்?”

“வேலை கெடச்சிடுச்சில்லே சார்.”

“வேலை கெடச்சிது. நான் சொன்னது சரின்னு ஒருத்தனும் சொல்லலியே.”

“நான் சொல்றேன். நீ சரிதான். இந்தா, ஜிலேபி துண்ணு” என்றார் அக்கா.

சம்பவமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டதால் தடத்தின் அளவையும் யாரும் திருத்தவில்லை. அப்புறமும் முதலாளி வரும்போதெல்லாம் உலைத் தடத்துக்குப் பன்னிரண்டு வேகன் என்றே உத்தரவு வரும். யார்டு மாஸ்டர் பத்தைத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டைக் கேட்டிலேயே நிறுத்திவைப்பார். நான் பன்னிரண்டு என்று எழுதுவேன். அந்த ஆலையில் நான் இருந்தவரை அப்படித்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷண்டிங்கும் நிற்கவில்லை. மழை நாள் ஒன்றில் கதவு தட்டும் சத்தம் கேட்டுப் போய்த் திறந்தேன். குடையோடு மேனேஜர் நின்றிருந்தார். ஏதோ பைல் விஷயமாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். கையில் பைல் எதுவும் இல்லை. அவர் கண் என் தோளுக்கு மேலாகப் பலகையிலேயே இருந்தது.

“ஒரு தடவை ஓட்டலாமா?” என்று கேட்டார், பள்ளிக்கூடத்துப் பையன்போல.

யார்டு மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எஞ்சின் எல்லாம் உடனே குடுக்க மாட்டோம் நைனா. ஒரு மாசம் பாயிண்ட் இழுக்கணும். கத்துக்கினா அப்புறம் பாக்கலாம். செருப்பை வெளியே வுட்டுட்டு வா.”

அவர் செருப்பை விட்டுவிட்டு வந்து, நனைந்த சட்டையோடு தரையில் சம்மணம் போட்டு ஸ்போக்கைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வேகனுக்கே அவசரப்பட்டு இழுக்கப் போனார். “மூணு நிமிஷம்!” என்று அக்கா அதட்டினார். கையை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேர்.