தேவமணியக்கா தாண்டாத வசனம்

பேரிகை ஊர்ப் பக்கத்தில் எங்கள் சபையில் வேதத்தை வேகமாக வாசிக்கிறவர்கள் உண்டு. நானே வருஷத்துக்கு ஒரு தரம் ஆதியாகமம் தொடங்கிக் கடைசிவரை ஓட்டிவிடுவேன். மனசில் எவ்வளவு ஒட்டியது என்று யாராவது கேட்டால் கோபம் வரும். தேவமணியக்கா அப்படியில்லை. ஒரு வசனத்தை வாசித்தால், அதன்படி நடந்து முடிக்கும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் சாந்தகுணத்தைப் பற்றிய வசனத்துக்கு ஒரு மாங்காய்ப் பருவமே போயிற்று. அந்தப் பருவத்தில் அவரிடம் விலை பேசிய வியாபாரிகள்தாம் நன்றாகப் பிழைத்தார்கள். யாரையும் மூடன் என்று சொல்லாதே என்ற இடம் வந்தபோது உழவு மாட்டைக்கூடத் திட்டாமல் ஓட்டினார். இந்த வேகத்தில் போனால் வெளிப்படுத்தலுக்கு வருவதற்குள் ஆண்டவரே வந்துவிடுவார் என்று கிண்டல் செய்வேன்.

"வரட்டுமே. மிச்சத்தை அவருகிட்டயே கேட்டுக்கறேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் அந்த மூடன் வசனத்துக்கு அடுத்ததில் நின்றுவிட்டார். காணிக்கையைப் பலிபீடத்தண்டை கொண்டுபோகும்போது, உன்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது அது. அக்காவுக்கு நினைவு வந்தவள் கெம்பம்மா.

கெம்பம்மா பக்கத்துக் காட்டுக்காரி. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். இரண்டு காட்டுக்கும் நடுவிலிருந்த புளியமரத்துக்காகச் சண்டை வந்து, அளந்து பார்த்ததில் மரம் அக்காவின் எல்லைக்குள் வந்தது. அதோடு பேச்சு நின்றது. மறு வருஷம் கெம்பம்மாவின் புருஷன் ராமப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். பறைச் சத்தம் கேட்கக் கேட்க அக்கா தன் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார், போகவில்லை. கல்யாணத்துக்குப் போகாதவர்களை எங்கள் ஊர் மன்னித்துவிடும், சாவுக்குப் போகாதவர்களை மன்னிக்காது.

மரம் உங்களுடையதுதானே, கெம்பம்மாவை மன்னித்தேன் என்று ஜெபித்துவிட்டு மேலே வாசியுங்கள் என்று போதகர் சொல்லிப் பார்த்தார். எனக்கு யார்மேல் கோபம் என்று வசனம் கேட்கவில்லை, என்மேல் யாருக்குக் கோபம் என்றுதான் கேட்கிறது என்றார் அக்கா. இவ்வளவு தெரிந்தவர் கெம்பம்மா வீட்டுக்குப் போனாரா என்றால், இல்லை. காணிக்கை கொண்டுபோகிறவருக்குத்தானே இந்தச் சட்டம் என்று, காணிக்கையை வீட்டுக்காரர் ஜான்பீட்டரிடம் கொடுத்துவிட்டு, தான் வெறுங்கையோடு கோயிலுக்கு வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கடவுளுக்கு இப்படி டிமிக்கி கொடுத்தார். எனக்கு அந்தத் திருட்டுத்தனம் ரொம்பப் பிடித்திருந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் அறுப்புப் பண்டிகை நெருங்கியபோது ஜான்பீட்டரின் காலை மாடு மிதித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அக்காவே கேழ்வரகுக் கூடையைச் சுமந்து வந்து பலிபீடத்துக்கு முன்னால் இறக்கினார். இறக்கினவர் கூடையை விட்டு அசையாமல் நின்றார். பிறகு பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே விறுவிறுவென்று வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

கெம்பம்மா வாசலில் அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரில் மண்ணில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ராமப்பன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தார். செத்து இரண்டு வருஷமான மனிதருக்கு, அப்போதுதான் உயிர் போனதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

கெம்பம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு நகர்ந்து வந்து அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னிக்குப் பொழுது சாயற மட்டும் அவர எடுக்க வுடலக்கா நானு. நேரமாச்சு, எடுக்கலாம்னு எல்லாரும் சத்தம் போட்டாங்க. இருங்க, பக்கத்துக் காட்டக்கா வந்து மொகம் பாக்கட்டும்னு சொல்லிக்கினே இருந்தேன்."

அக்கா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மன்னித்துக்கொள் என்று சொன்னதில் பாதிதான் வெளியே வந்தது.

அழுது ஓய்ந்த பிறகு, இன்றைக்கு எப்படி வரத் தோன்றியது என்று கெம்பம்மா கேட்டாள். பாதியில் விட்டுவந்த காணிக்கையைப் பற்றி நான்தான் சொன்னேன். கெம்பம்மா அக்காவின் முகத்தை முந்தானையால் துடைத்து, முடியை அள்ளி முடிந்து, கையைப் பிடித்து எழுப்பினாள்.

"போக்கா, உங்க சாமி காத்துக்கினு இருக்கும். என்னை மாதிரி அதையும் பொழுது சாயற மட்டும் காக்க வெக்காதே."